புதுத் தறி வந்தது, துணி கூடியதா?

உப்பல், ஹைதராபாத் நகரின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. இங்கே தொழிற்பேட்டை உண்டு. 2017 நவம்பர் மாதம் இந்த வழியாக மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் தருவார். மெட்ரோ ரயிலில் கண்டக்டர் இல்லை. பயணம் ஒன்றுதான். ஆனால் அதற்கான வேலைகள் வேறு விதமாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

இப்படி மாற்றம் எல்லாத் தொழிலுக்கும் வருகிறது. புது இயந்திரம் வருகிறது. புது முறை வருகிறது. அப்போது நம் மனத்தில் சில கேள்விகள் எழும். என் வேலை நிலைக்குமா? புது வேலையைச் செய்ய எனக்கு வருமா? என் கூலி குறையுமா?

இந்தக் கேள்விகள் நியாயமானவை. இவற்றுக்குப் பதில் தேட, ஆமதாபாத் ஆலை ஒன்றில் நடந்ததைப் பார்ப்போம்.

ஆலையில் நடந்தது

ஆமதாபாத் இன்றைய குஜராத் மாநிலத்தில் உள்ளது. பஞ்சாலைகளுக்குப் பேர் போன ஊர். அங்கே காலிகோ ஆலை என்று ஒரு பெரிய ஆலை இருந்தது. 1952 ஆம் ஆண்டு அந்த ஆலை தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்தது.

பழைய தறியில் தார் தீர்ந்துவிட்டால் நெசவாளி தறியை நிறுத்துவார். வேறு தார் போடுவார். புதுத் தறி தானே தாரை மாற்றிக்கொள்ளும். ஆகவே துணி அதிகமாக வரும் என்று எல்லாரும் எண்ணினார்கள்.

ஆனால் நினைத்தபடி துணி கூடவில்லை. சேதமும் குறையவில்லை. தறி நல்ல தறிதான். தொழிலாளர்களும் அனுபவம் உள்ளவர்கள்தாம். பிறகு குறை எங்கே இருந்தது?

1953 இல் லண்டனில் உள்ள டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்பவர் வந்தார். தறிக்கூடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று கவனித்தார்.

கூடத்தில் 224 தறிகள் இருந்தன. ஒரு ஷிப்டில் 29 பேர் வேலை செய்தார்கள். ஆனால் வேலை மிகச் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெய்பவர் ஒருவர். தார் நிரப்புபவர் வேறு ஒருவர். அறுந்த பாவு இழையை முடிபவர் இன்னொருவர். எண்ணெய் போடுபவர் தனி. துணியைச் சுமப்பவர் தனி. கூட்டிப் பெருக்குபவர் தனி.

ஒரு நெசவாளி 24 முதல் 32 தறிகள் வரை பார்த்தார். தார் நிரப்புபவர் 40 முதல் 50 தறிகள் வரை பார்த்தார். இழை முடிபவர் 60 முதல் 80 தறிகள் வரை பார்த்தார். இந்தக் கணக்குகள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை.

ஒரு தறியில் இழை அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெசவாளி இழை முடிபவரைத் தேட வேண்டும். அவரோ வேறு நெசவாளியின் தறியில் இருப்பார். அதுவரை தறி நிற்கும். யார்மேல் குறை சொல்வது? அவரவர் தம் வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் "இது நம் தறி" என்று சொல்ல ஒரு கூட்டம் இல்லை.

குழுவாகச் சேர்ந்தார்கள்

வேலையை வேறு விதமாகப் பிரிக்கலாம் என்ற யோசனை பிறந்தது. ஏழு பேர் ஒரு குழு. அந்தக் குழுவுக்கு 64 தறிகள். நெய்வது, தார் நிரப்புவது, இழை முடிவது, பழுது பார்ப்பது எல்லாம் குழுவின் பொறுப்பு. ஒருவர் கை ஓயும்போது மற்றவருக்கு உதவலாம்.

இந்த யோசனையைத் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் ஆர்வமாக ஏற்றார்கள். குழுவில் யார் யார் சேர்வது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடிவு செய்தார்கள். இதுதான் முக்கியம். மேலே இருப்பவர் மட்டும் பட்டியல் போட்டிருந்தால், அது இன்னொரு உத்தரவாகவே இருந்திருக்கும்.

காலப்போக்கில் துணி கூடியது. சேதம் குறைந்தது. தறி மாறவில்லை. வேலையைப் பங்கிட்ட முறைதான் மாறியது.

மாற்றம் நிலைத்ததா?

1970 இல் எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் அந்த ஆலைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு கூடத்தில் குழுமுறை பெரும்பாலும் அப்படியே நடந்துகொண்டிருந்தது. மற்றக் கூடங்களில் தேய்ந்துபோயிருந்தது. காலிகோ ஆலையும் இன்று இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நல்ல முறையை ஒரு முறை கொண்டுவந்தால் போதாது. அதைக் காத்து வளர்க்க வேண்டும். ஆலை பிழைப்பதற்கு நல்ல வேலைமுறை தேவை. ஆனால் அது ஒன்றே போதாது.

நம் பட்டறையில்

உப்பலில் ஒரு தையல் பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே புதிய தையல் மெஷின் வருகிறது. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் ஒரு பெண் முதலாளியிடம் பேசுகிறார்.

"அண்ணா, புது மெஷின் பழக எத்தனை நாள் தருவீங்க?"

"ஒரு வாரம் போதுமா, அக்கா?"

"போதும். ஆனா பழகுற நாள்ல பீஸ் குறையுமே. கூலியும் குறையுமா?"

"அதை நான் யோசிக்கலையே, அக்கா."

"இன்னொன்று. காலர் தைக்கிற இடத்துல வேலை நின்னா பின்னால எல்லாரும் சும்மா இருக்கோம். எங்களுக்கு இரண்டு வேலை பழக்கிக் கொடுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் கை கொடுப்போம்."

"சரி அக்கா. நாளைக்கு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுவோம்."

இந்தப் பெண் மெஷினை எதிர்க்கவில்லை. மெஷின் வரும் விதத்தைப் பற்றித்தான் கேட்டார். வேலை எங்கே தடைபடுகிறது என்பது வேலை செய்பவருக்கே முதலில் தெரியும். அவரைக் கேட்டால் முதலாளிக்கும் நன்மை.

சட்டம் என்ன சொல்கிறது?

கூலி, வேலை நேரம், ஷிப்டு முதலியவற்றை மாற்றும் முன் முதலாளி தொழிலாளர்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். 21 நாள் முன்னதாகத் தர வேண்டும். 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இந்த விதி இருந்தது. 2020 ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இது உண்டு. சில விலக்குகளும் உண்டு. அறிவிப்பு ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். புரியாவிட்டால் சங்கத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ கேளுங்கள். படிக்கக் கற்றது இதற்கும் உதவும்.

சொல் அறிவோம்

தார் - ஊடை நூல் சுற்றிய குச்சி
பாவு - தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்
ஷிப்டு - வேலை முறை நேரம்
தானியங்கி - தானே இயங்குவது

பதில் சொல்லுங்கள்

1. காலிகோ ஆலையில் புதுத் தறி வந்தும் துணி ஏன் கூடவில்லை?
2. ஒரு குழுவில் எத்தனை பேர்? எத்தனை தறிகள்?
3. குழுவில் சேர்பவர்களை யார் முடிவு செய்தார்கள்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் வேலையிடத்தில் அண்மையில் வந்த மாற்றம் எது? அதற்கு முன் உங்களைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதை மூன்று வரிகளில் எழுதுங்கள்.