அச்சை வாசிக்க இயலாதோரும் தொலைபேசி வாசிப்பும்: சட்டம் தருவதும் தராததும்

அஞ்சற்பெட்டிக்கு வரும் கடிதத்தை வாசிக்க இயலாத நிலைக்குக் கனடாவின் சட்டமொழியில் தனியாக ஒரு பெயர் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் அதனை 'அச்சு வாசிப்பு இயலாமை' என்னும் பொருளில் வரையறுக்கிறது. பார்வை இழந்தோர் மாத்திரமே இதில் அடங்குவர் என்பது பரவலான எண்ணம், அது சரியன்று. பார்வை கடுமையாகக் குறைதல் அல்லது முற்றாக அற்றுப்போதல், கண்ணை ஒருமுகப்படுத்தவோ அசைக்கவோ இயலாமை ஆகியவை முதலாம் வகை. புத்தகத்தைக் கையில் ஏந்தவோ தாளைப் புரட்டவோ இயலாமை இரண்டாம் வகை. வாசித்ததை விளங்கிக்கொள்வதில் உள்ள குறைபாடு மூன்றாம் வகை. ஆகவே நீரிழிவினால் விழித்திரை பழுதடைந்த பாட்டியாரும், பாரிசவாதத்தின் பின் வலக்கை வழங்காதவரும், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பிடர் உள்ள மாணவரும் சட்டத்தின் முன் ஒரே வகுப்பினர். பின்னைய இரு வகையினர் பலர், இச்சேவைகள் கண் தெரியாதோருக்கு மட்டுமே உரியவை என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றனர்.

இவர்களுக்கான பொதுச் சேவையின் வரலாற்றில் ஸ்ரௌவ்வில் வாசிகளுக்கு அண்மையிலேயே ஓர் ஊர் உண்டு. பார்வையற்றோருக்கான கனடிய இலவச நூலகம் 1906இல் மார்க்கத்தில், பார்வையற்ற பட்டதாரியான ஈ. பி. எஃப். ரொபின்சன் என்பவரால் தொடங்கப்பட்டது. அது பின்னர் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்து, 1918இல் நிறுவப்பட்ட பார்வையற்றோருக்கான கனடிய தேசிய நிறுவனத்துடன் இணைந்தது. அந்நூலகத்துக்கும் முன்னரே, 1898இல், பார்வையற்றோருக்குரிய வாசிப்புப் பொருள்களைக் கட்டணமின்றி அனுப்ப அஞ்சல் திணைக்களம் இசைந்திருந்தது. பிரெயில் நூல்கள் கனமானவை. ஒரு நாவல் பல தொகுதிகளாக விரியும். அஞ்சற்கட்டணம் அறவிடப்பட்டிருப்பின் அந்நூலகம் ஓராண்டும் தாக்குப்பிடித்திருக்குமா என்பது ஐயமே.

நூல்களுக்கு அஞ்சல் போதுமானதாயிற்று, நாளிதழுக்குப் போதவில்லை. நேற்றைய செய்தியை அடுத்த வாரம் கேட்பதில் பயன் குறைவு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1969இல் தொடங்கிய வானொலி வாசிப்புச் சேவையில் தன்னார்வலர்கள் நாளிதழ்களை உரக்க வாசித்தனர். கனடாவில் 1990இல் 'வொய்ஸ்பிரின்ட்' இவ்வாறே எழுந்தது. இன்று அது ஏ.எம்.ஐ. ஒலி அலைவரிசையாகக் கேபிள் வழியே கிடைக்கிறது. ஆனால் வானொலியில் வாசிப்பவர் தெரிவு செய்ததையே கேட்பவர் கேட்க வேண்டும். விளையாட்டுப் பக்கம் வேண்டாதவரும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

தொலைபேசி வாசிப்பு இக்குறையைத் தீர்த்தது. அமெரிக்கப் பார்வையற்றோர் கூட்டமைப்பு 1990களில் தொடங்கிய 'நியூஸ்லைன்' இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பதிவு செய்தவர் ஓர் எண்ணை அழைத்து, தமது இரகசிய இலக்கத்தை அழுத்துகிறார். பின்னர் எண் விசைகளைக் கொண்டே நாளிதழையும், அதன் பகுதியையும், அதில் ஒரு கட்டுரையையும் தெரிந்தெடுக்கிறார். கணினிக் குரல் அதை வாசிக்கிறது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேண்டாத கட்டுரையைத் தாண்டலாம். இதற்குக் கணினியோ இணைய இணைப்போ தேவையில்லை. எண்பது வயதில் கண் மங்கியவர் புதிய கருவி எதனையும் கற்க வேண்டியதுமில்லை. தொலைபேசியின் 5 என்ற விசையில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு புள்ளியைத் தடவி மற்ற விசைகளின் இடத்தை அறிந்துகொள்ளலாம்.

கனடாவில் இன்று இத்துறையின் பெரும்பகுதி பொது நூலகங்களின் வழியே நடைபெறுகிறது. 'சீலா' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சமவாய்ப்பு நூலக அணுகல் நிலையம் 2014இல் உருவானது. ஒலிநூல்கள், பிரெயில், மின்னூல்கள், இதழ்கள் ஆகியவற்றை நூலக அட்டை உடையோருக்கு அது கட்டணமின்றி வழங்குகிறது. தமது நிலையை விண்ணப்பதாரர் தாமே அறிவித்தால் போதும். மருத்துவச் சான்று கேட்கப்படுவதில்லை. குடும்பத்தவர் ஒருவர் நூலகத்துக்குச் சென்று பதிவுக்கு உதவலாம்.

இந்நிதி என்றும் உறுதியாக இருந்ததில்லை. 2020 இலையுதிர்காலப் பொருளாதார அறிக்கையில் கூட்டரசு இதனைப் படிப்படியாக நிறுத்த முன்மொழிந்தது. வாசகர்களும் நூலகங்களும் எழுத்தாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2021 மார்ச்சில் 10 இலட்சம் டொலர் மீளவழங்கப்பட்டது. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் 5 ஆண்டுகளுக்கு 2.5 கோடி டொலருடன் புதிய வாசிப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கேட்டவர்கள் இருந்தமையால் கிடைத்த நிதி இது.

தமிழ் வாசகருக்கு இதுவரை கூறியவற்றில் ஒரு பெரும் இடைவெளி புலப்பட்டிருக்கும். வொய்ஸ்பிரின்டும் நியூஸ்லைனும் தமிழ் அறியா. நகராட்சி தமிழில் வெளியிடும் வழிகாட்டி அச்சில் இருந்தால், பார்வை குன்றியவருக்கு அது வெற்றுத்தாள். அதே செய்தியின் ஒலிவடிவம் ஆங்கிலத்தில் இருந்தால், ஆங்கிலம் அறியாதவருக்கு அது வெறும் ஓசை. இரண்டுக்கும் நடுவே நிற்பவர் பேரப்பிள்ளையை அழைக்கிறார். பிள்ளை ஆங்கிலக் கடிதத்தை அரைகுறைத் தமிழில் சொல்கிறது. தமிழ்க் கடிதமாயின் எழுத்தையே அறியாது விழிக்கிறது. வங்கி மீதியும் மருத்துவ அறிக்கையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயால் கேட்கப்படுகின்றன. அன்பினால் நடப்பதுதான். எனினும் தன் கடிதத்தைத் தான் மட்டும் அறியும் உரிமை அங்கே இல்லாமற்போகிறது.

நூல்களைப் பொறுத்தவரை ஒரு வழி திறந்திருக்கிறது. 2013இல் மராக்கேசில் ஏற்கப்பட்ட உலக உடன்படிக்கை, அச்சை வாசிக்க இயலாதோருக்கென உருவாக்கப்பட்ட பிரதிகளை எல்லை கடந்து பகிர அனுமதிக்கிறது. அதனை முதலில் உறுதிப்படுத்திய நாடு இந்தியா. 2016 யூன் 30இல் கனடா இருபதாவது நாடாக இணைந்தமையே அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வர வழிசெய்தது. இந்தியாவில் 2016இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. ஆகவே சென்னையில் ஒலிவடிவம் பெற்ற தமிழ் நாவல் ஒன்று ஸ்ரௌவ்வில் வாசகரை அடைவதற்குப் பதிப்புரிமை இனித் தடையன்று. தடை வேறிடத்தில் உள்ளது: கேட்கப்படாத நூலை எந்த நூலகரும் தேடுவதில்லை. ஒன்ராறியோவின் 191/11ஆம் இலக்க ஒழுங்குவிதியின் 19ஆம் பிரிவு, அணுகத்தக்க பிரதிகள் இருக்குமிடத்து அவற்றைப் பெற வழிசெய்யும் கடமையை நூலகச் சபைகளுக்கு விதித்திருக்கிறது.

கடிதங்களுக்கு அதே விதியின் 12ஆம் பிரிவு பொருந்தும். ஆதனவரி அறிவித்தலோ, பொதுக்கூட்ட அறிவித்தலோ, நகராட்சி வெளியிடும் எதுவாயினும், கேட்பவருக்கு ஏற்ற வடிவில் உரிய காலத்துள் வழங்கப்பட வேண்டும். மற்றையோர் செலுத்துவதைவிடக் கூடிய கட்டணம் அறவிடலாகாது. பேரெழுத்து, ஒலிப்பதிவு, மின்வடிவம், பிரெயில் ஆகியவற்றை விதி எடுத்துக்காட்டுகளாகவே குறிப்பிடுகிறது. பட்டியல் அத்துடன் முடிவதில்லை. எது பொருத்தம் என்பதைக் கேட்டவருடன் கலந்தாலோசிக்கவும் வேண்டும். தொலைபேசியில் வாசித்துக்காட்டுமாறு கேட்பதற்கு இதில் இடமுண்டு. எனினும் இறுதி முடிவு நிறுவனத்துடையது. இவ்விதி மொழிபெயர்ப்பைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அதனால் வேண்டுகோளை இரண்டாகப் பிரித்துச் சொல்வது நன்று: வடிவ மாற்றம் உரிமையாக, தமிழ் உதவி வேண்டுகோளாக.

நகராட்சிக்கு வெளியேயும் வழிகள் உள. கனடா வருமான முகவரகம் தனது கடிதங்களைக் கேட்டால் ஒலிவடிவிலும் பேரெழுத்திலும் தரும். தொலைபேசி நிறுவனங்கள் தம் கட்டணப் பட்டியல்களை மாற்று வடிவில் தரவேண்டும் எனக் கூட்டரசின் ஒழுங்குமுறை ஆணையம் 2002இலேயே பணித்தது. 211 என்ற இலக்கம் கடிதம் வாசித்துக்காட்டும் சேவையன்று. எச்சேவை எங்கே உண்டு என்பதை உரைபெயர்ப்பாளர் மூலம் தமிழிலும் அது சொல்லும். கைத்தொலைபேசி உடையோர் 'பீ மை ஐஸ்' என்னும் இலவசச் செயலியில் தமிழைத் தெரிவு செய்தால், தமிழறிந்த தன்னார்வலர் ஒருவர் ஒளிப்பட அழைப்பில் தாளைப் பார்த்து வாசிப்பார். மருந்துப் புட்டியின் திகதிக்கு அது சிறந்தது. வங்கி அட்டையை முன்பின் அறியாதவருக்குக் காட்டுவது தகாது.

வேண்டுகோளை வாய்மொழியாகவே விடுக்கலாம். அழைத்த திகதியையும் பேசிய அலுவலரின் பெயரையும் வீட்டார் ஒருவர் குறித்துவைத்தல் நலம். ஆதனவரிக்கும் மதிப்பீட்டு மேன்முறையீட்டுக்கும் இறுதி நாட்கள் உண்டு. மாற்று வடிவம் வரத் தாமதித்தால் அந்நாட்கள் தாமாக நீள்வதில்லை. எனவே கடிதம் கிடைத்த அன்றே அழைத்து, இறுதி நாள் எது என்பதை முதலிற் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.