மாலை வகுப்பில் அழிரப்பர் எதற்கு?



நம் டிரஸ்டின் மாலை வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் காகிதமே ஓட்டையாகும் அளவுக்கு ரப்பரால் தேய்த்து, அதன்மேல் சரியான விடை எழுதப்பட்டிருந்தது. “இந்த விடை எப்படி வந்தது?” என்று கேட்டேன். பிள்ளை பதில் சொல்லாமல் பக்கத்தில் இருந்த பெண்ணின் நோட்டைப் பார்த்தது.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அழித்த விடை தெரிந்தது. கணக்கு 52-இலிருந்து 38-ஐக் கழிப்பது. பிள்ளை முதலில் எழுதியது 26. கவனக்குறைவு என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம். அது கவனக்குறைவு அல்ல. 5-இல் 3 போக 2. அடுத்து 2-இல் 8 போகாது, ஆகவே 8-இல் 2 போக 6. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று முதல் வகுப்பில் யாரோ சொன்னதை அந்தப் பிள்ளை உண்மையாகவே கடைப்பிடித்திருக்கிறது. பத்தைக் கடன் வாங்குவது என்ன என்பது மட்டும் புரியவில்லை. அந்த 26 நம் கண்ணில் பட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ரப்பர் அதை மறைத்துவிட்டது.

சில நேரம் சரியான விடையும் ஏமாற்றும். 0.35, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பல பிள்ளைகள் 0.35 என்பார்கள். 5-ஐவிட 35 பெரியது அல்லவா! வேறு சிலர் 0.5 என்று சரியாகச் சொல்வார்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். “புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக இருந்தால் பெரிய எண்” என்று ஒரு பிள்ளை சொல்லும். அதே பிள்ளையிடம் 0.4, 0.62 என்று கொடுத்தால் 0.4-தான் பெரியது என்று அடித்துச் சொல்லும். முதல் கணக்குக்கு டிக் போட்டு அனுப்பியிருந்தால் அந்தத் தப்பான விதி அதன் மனதிலேயே வளர்ந்திருக்கும். விடையை மட்டும் திருத்தும் ஆசிரியருக்கு இது தெரிய வழியில்லை.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வரும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஒருவர் பள்ளிக்கு வந்து அவசரமாகத் தொழுதுவிட்டு நபி (ஸல்) அவர்களுக்கு சலாம் சொன்னார். நபியவர்கள் பதில் சலாம் சொல்லி, நீர் தொழவில்லை, திரும்பத் தொழும் என்று அனுப்பினார்கள். மூன்று முறை இப்படி நடந்தது. கடைசியில் அவரே, இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று கேட்டார். அதன் பிறகுதான் ருகூவு, ஸஜ்தா என்று ஒவ்வொன்றாக நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் முறையே ஏன் சொல்லவில்லை என்று விரிவுரையாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். தன் குறையைத் தானே தேடிப் பார்த்து, கேட்கும் ஆவலோடு வந்தவருக்குப் பாடம் ஆழமாகப் பதியும் என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. ஒவ்வொரு முறையும் சலாமுக்குப் பதில் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். அவர் விரட்டப்படவில்லை.

இந்தக் காலத்து ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மனு கபூர் என்ற கல்வி ஆய்வாளர் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். சில கால்பந்து வீரர்கள் ஆண்டுவாரியாக அடித்த கோல்களைக் கொடுத்து, இவர்களில் யார் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஆடுகிறார் என்று கணக்கிடச் சொன்னார். திட்டவிலக்கம் என்று மேல்வகுப்பில் வரும் பாடம் அது. ஒரு குழுவுக்குச் சூத்திரத்தை முதலில் கற்பித்தார்கள். இன்னொரு குழுவைத் தாங்களாகவே முயன்று தடுமாற விட்டுவிட்டு, பிறகு கற்பித்தார்கள். தடுமாறியவர்களில் யாரும் சரியான சூத்திரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பின்னர் தேர்வு வைத்தபோது, கணக்குப் போடுவதில் அவர்கள் பின்தங்கவில்லை. ஏன், எதற்கு என்று புரிந்துகொள்வதில் முந்தியிருந்தார்கள்.

இதற்காகத் தப்பெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஹிஃப்ளு செய்கிற பிள்ளை ஒரு ஜபரை ஜேராக மனனம் செய்துவிட்டால், அதை மாற்ற உஸ்தாத் படும் பாடு எனக்குத் தெரியும். ‘கல்ப்’ என்ற சொல்லை அடிநாக்கிலிருந்து எழுப்பினால் உள்ளம். சற்று முன்னால் வந்துவிட்டால் நாய். எங்கள் உஸ்தாத் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்து, வித்தியாசம் எங்கள் காதிலேயே விழும்வரை விடமாட்டார். தப்பு பயன்படுவது, அது அன்றைக்கே வெளியே வந்து அன்றைக்கே திருத்தப்படும்போதுதான்.

வெளியே வராமல் செய்வது யார்? சில ஆண்டுகளுக்கு முன் அதைச் செய்தது நான்தான். வகுப்பைப் பார்க்க விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பலகைக்கு அழைத்து, அரையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டச் சொன்னேன். ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா தம்பி?” என்று கேட்டேன். நல்ல கேள்விதான். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவன் வரவில்லை. அவன் வாப்பாவைப் பார்த்துப் பேசினேன், அவனிடமும் வருத்தம் தெரிவித்தேன். வருகிறேன் என்று தலையாட்டினான். வரவில்லை. பத்தாம் வகுப்பை முடிக்காமல் ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பை அந்தக் கணக்கில் சேர்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இந்த மாதம் முதல் மாலை வகுப்பில் ரப்பர் கிடையாது. தப்பான விடையின்மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் திரும்ப எழுத வேண்டும். உம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோட்டில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கிறதே என்று பிள்ளையைக் கோபிக்க வேண்டாம். கோடு போட்ட விடையைக் காட்டி, “இதை எப்படிப் போட்டாய்?” என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை சொல்வதைக் கேட்டால் போதும். பாதி சொல்லும்போதே பல பிள்ளைகள் தாமே நிறுத்திப் பென்சிலைத் தேடுவதை வகுப்பில் பார்க்கிறோம்.