குரலின் எல்லையும் பாடும் முறையும்

பாலக்காட்டுச் சீமை கர்நாடக இசைக்கு அளித்த பாடகர்களுள் இருவரின் சாரீரங்கள் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்டவை. செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) ஒலிபெருக்கியின் துணையின்றியே பெருங்கூட்டத்திற்கு எட்டுமாறு கணீரெனப் பாட வல்லவர். மஞ்சப்ராவைச் சேர்ந்த எம். டி. இராமநாதன் (1923–1984), பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் பயின்ற பட்டதாரி; ஆண் பாடகர்கள் சாதாரணமாகக் கொள்ளும் சுருதியினும் மிகத் தாழ்ந்த சுருதியில், சவுக்க காலத்தில் பாடிப் புகழ்பெற்றவர். இவ்விருவரும் தத்தம் குரலின் இயல்பை அறிந்து அதன் வழியே பாடினர். அவ்வியல்பை அறியும் முறை யாது என்பதை இனிக் காண்போம்.

ஒலி பிறக்கும் விதம்

குரல்வளையினுள் இரண்டு தசை மடிப்புகள் உள்ளன. இவை குரல் நாண்கள் எனப்படும். இவற்றின் நீளம் ஆண்களுக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலும், பெண்களுக்கு அதனினும் குறைந்தும் இருக்கும். நுரையீரலிலிருந்து எழும் காற்று மூடிய நாண்களைத் தள்ளித் திறக்கிறது. நாண்களின் மீள்தன்மையும் காற்றோட்டத்தால் ஏற்படும் அழுத்தக் குறைவும் அவற்றை மீண்டும் மூடுகின்றன. இது வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. மானுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர் 1854-ஆம் ஆண்டில் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல் நாண்களின் அசைவைத் தாமே கண்டார்.

நாண்கள் இழுக்கப்பட்டு மெலிந்து விறைப்படையும்போது சுருதி உயர்கிறது. காற்றின் அழுத்தம் மிகும்போது ஒலி உரக்கிறது. தொண்டை, வாய் ஆகியவற்றின் உள்வெளி அவ்வொலிக்குத் தனி நிறம் தருகிறது. இம்மூன்றும் வெவ்வேறு செயல்களாம். மேல் ஸ்தாயிக்குச் செல்லும்போதெல்லாம் காற்றை முட்டித் தள்ளிக் கத்துவது, முதற் செயலையும் இரண்டாம் செயலையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் பிழையாகும்.

எல்லையை அளத்தல்

ஆர்மோனியத்தின் 1 கட்டை ஆண் குரலில் வினாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகளைக் குறிக்கும். இதனை ஷட்ஜமாகக் கொண்டால் மந்தர பஞ்சமம் 98, தார பஞ்சமம் 393 அதிர்வுகளாகும். கச்சேரி பாடுவோர்க்கு வேண்டப்படும் இரண்டு ஸ்தாயி எல்லை ஏறக்குறைய இதுவே. பெண்கள் பெரும்பாலும் கொள்ளும் 5 கட்டையில் ஷட்ஜம் 196; அவர்தம் எல்லை 147 முதல் 588 வரை செல்லும்.

மாணவரின் எல்லையை அறியச் சுருதிப்பெட்டி ஒன்றே போதும். அவருக்கு எளிதான ஸ்வரத்தில் அகாரமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கச் செய்க. ஒலி மங்கி வெறுங்காற்றாகும் இடம் கீழெல்லை. பின்னர் மேலே ஏறச் செய்க. மோவாய் உயர்ந்து கழுத்து நரம்புகள் புடைக்கத் தொடங்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே மேலெல்லையைக் குறித்துக்கொள்க. ஷட்ஜம் இவற்றிற்கு ஏற்ப அமைய வேண்டும்.

வகுப்பறையில்

ஆண் ஆசிரியர் 1 கட்டையில் பாடிக் காட்டும்போது, அவருடைய ஷட்ஜத்தையே பிடிக்க முயலும் சிறுவர் தொண்டையை அமுக்கி உறுமுவர். அவர்களுக்கு இயல்பானது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 262 அதிர்வுகளுக்கு அருகில் உள்ளது. ஆகவே ஆசிரியர் தம் குரலுக்கன்றிக் குழந்தைகளின் குரலுக்கே சுருதி சேர்த்தல் வேண்டும்.

ஏறக்குறைய 12 முதல் 15 வயதிற்குள் ஆண் பிள்ளைகளின் குரல்வளை விரைந்து வளர்கிறது. நாண்கள் நீண்டு குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்கிறது. இடையில் குரல் உடைந்து பிசிறுவது வளர்ச்சியின் அடையாளமேயன்றி நோயன்று. இப்பருவத்தில், “சாரீரம் போய்விட்டது” என்று கூறிப் பிள்ளையைப் பாட்டு வகுப்பினின்று விலக்குதல் பெருந்தவறாகும். அச்சொல்லை நம்பி வாழ்நாள் முழுதும் வாய் திறவாதவர் உளர். ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் மென்மையாகப் பாடச் செய்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லையை மீண்டும் அளந்து பார்த்தலே தக்கது. பெண் பிள்ளைகளின் குரலும் இப்பருவத்தில் மாறும். ஆயினும் அம்மாற்றம் சிறிது.

ஆசிரியரின் குரல்

சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம் மலைத்தோட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகளில் பணியாற்றுவோர் நாள் முழுதும் உரத்துப் பேச வேண்டியுள்ளது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்று தொண்டையை உலர்த்துகிறது. உலர்ந்த நாண்களை ஓயாது மோதவிடின் அவற்றின்மீது காய்ப்புப் போன்ற சிறு முடிச்சுகள் தோன்றக்கூடும். இவற்றைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு. அடிக்கடி சிறிது நீர் பருகலாம். இரைச்சலை அடக்கக் கத்தாமல் கைதட்டலையோ மணியையோ பயன்படுத்தலாம். தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். காலையில் வகுப்பிற்கு முன் வாய் மூடி மெல்ல முனகி, மத்திய ஸ்தாயியிலிருந்து கீழ்நோக்கிச் சில நிமிடங்கள் பயிலுதல் குரலைப் பதப்படுத்தும்.

கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிப்பின், கஷாயத்தை மட்டும் நம்பியிராது காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது. முடிச்சுகள் பெரும்பாலும் ஓய்வினாலும் முறையான குரற்பயிற்சியாலும் குறையும். வேறு நோய் இருப்பினும் அதனை முன்னரே கண்டறிய இயலும்.