மணலின் கணக்கை முதலில் படி

அன்புள்ள மலர்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் சேர விண்ணப்பிக்கப் போவதாகவும், கடற்கரையின் கோடு எப்படி மாறுகிறது, இனி எப்படி மாறும் என்பதைக் கணினி மாதிரி வைத்துக் கண்டறிவதுதான் வேலை என்றும் எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். எந்த மென்பொருளை முதலில் கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நீ ஆராயப்போகும் கரைக்கு மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? கரைக்கோட்டு மாதிரி என்பது அடிப்படையில் மணலின் வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கு புரியாதவர் கையில் எந்த மென்பொருளும் அழகான படம் மட்டுமே வரைந்து தரும்.

நம் கிழக்குக் கரையையே எடுத்துக்கொள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து உடைகின்றன. அப்போது மணல் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திசை மாறி, மணல் தெற்கே வருகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அது ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். ஆறுகள் புதிதாக மணல் கொண்டுவந்து சேர்த்தவரை இந்த ஓட்டத்துக்குக் குறைவில்லை. அணைகளும் ஆற்று மணல் கொள்ளையும் அந்த வரவைக் குறைத்துவிட்டன. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது முதல் காவிரியின் மணலில் ஒரு பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

இப்படி நகரும் மணலின் குறுக்கே கடலுக்குள் ஒரு கல் சுவரை நீட்டினால் என்ன ஆகும்? அதற்குச் சென்னை 19ஆம் நூற்றாண்டிலேயே விடை சொல்லிவிட்டது. 1870களில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகள் மணல் வரவில்லாமல் கரைந்தன. கற்களைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். நாம் மாலையில் காற்று வாங்கும் மணற்பரப்பின் பெரும்பகுதி, வடசென்னைக் கரைக்குப் போய்ச் சேராமல் நின்றுபோன மணல்.

இதே பாடத்தைப் புதுச்சேரி நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் படித்தது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் பிற்பாதியில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே சேரும் மணலை வாரி வடக்கே போட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலை உரியபடி நடக்கவில்லை. நகரத்தின் கடற்கரை சில ஆண்டுகளில் காணாமல் போய், கற்குவியல் மட்டும் மிஞ்சியது. அரிப்பு அங்கேயும் நிற்கவில்லை. ஓர் இடத்தைக் காக்கக் கொட்டிய கல், அதற்கு வடக்கே அடுத்த இடத்தில் அரிப்பைத் தொடங்கி வைத்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனத் தமிழ்நாட்டு மீனவ ஊர்கள் ஒவ்வொன்றாகக் கரையை இழந்தன. பின்னர் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. 2018, 2019 வாக்கில் அந்தப் பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. கரையை மீட்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் மணல் சேர்ந்த இடத்தோடு உன் பார்வை நின்றுவிடக் கூடாது. அதற்கு வடக்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் கேட்பவள்தான் ஆராய்ச்சியாளர்.

இனி மாதிரிக்கு வருவோம். நீ முதலில் சந்திக்கப் போவது ஒற்றைக் கோட்டு மாதிரி. பிரெஞ்சுப் பொறியாளர் பெல்னார்–கான்சிதேர் 1956இல் வகுத்தது. கடற்கரையின் குறுக்கு வடிவம் மாறாமல் முழுதாக முன்னும் பின்னும் நகர்வதாகக் கொள். ஒரு துண்டுக் கரைக்குள் நுழையும் மணலைவிட வெளியேறும் மணல் அதிகமானால் கோடு பின்வாங்கும், குறைந்தால் முன்னேறும். இவ்வளவுதான். இன்று பயன்படும் பல நீண்டகால மாதிரிகள் இதே கருத்தின் மேல் எழுந்தவை. டெல்ஃப்ட்3டி, எக்ஸ்பீச் போன்ற பெரிய மென்பொருள்களைத் தொடும் முன், இந்த ஒற்றைக் கோட்டை நீயே பைத்தானில் எழுதிப் பார். ஒரு சுவரை வைத்து, ஒரு பக்கம் மணல் சேர்வதையும் மறுபக்கம் அரிப்பதையும் உன் சொந்த நிரலில் கண்டால், பிறகு எந்த மென்பொருளும் உன்னை மிரட்டாது.

அந்த நிரலிலேயே இன்னொரு பயிற்சியும் செய். பரவலாகப் பயன்படும் சூத்திரத்தின்படி, கரையோரம் நகரும் மணலின் அளவு உடையும் அலையின் உயரத்தின் இரண்டரை அடுக்கைப் பொறுத்தது. அலை உயரத்தை 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் மணல் அளவு ஏறத்தாழ 27 சதவீதம் கூடிவிடும். கோணம் இன்னும் நுட்பமானது. அலை கரையோடு 4 பாகை சாய்ந்து உடையும் இடத்தில் 6 பாகை என்று எழுதிவிட்டால், விடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். நம் கரையில் சாய்வு சிறியது. இரு பருவங்களில் இரு எதிர்த் திசைகள் வேறு. கழித்து வரும் மீதியில் பிழை எவ்வளவு பெரிதாகும் என்று எண்ணிப் பார். ஆகவே ஒற்றை எண்ணை விடையாகத் தராதே. கீழெல்லையும் மேலெல்லையும் சேர்த்துத் தா.

தரவுக்குச் செயற்கைக்கோள் படங்கள் பெரிய கொடை. லேண்ட்சாட் படங்கள் 1970களிலிருந்து இருக்கின்றன. 1980களிலிருந்து 30 மீட்டர் துல்லியம். 2015 முதல் சென்டினல்–2 தருவது 10 மீட்டர். எல்லாம் இலவசம். ஆனால் படத்தில் தெரிவது கரை அன்று, அந்த நொடியில் தண்ணீர் நின்ற விளிம்பு. 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவுள்ள கரையில், ஏற்றவற்றம் 1 மீட்டர் வேறுபட்டால் நீர்விளிம்பு 20 மீட்டர் தள்ளித் தெரியும். மணல் ஒரு கூடை கூட நகராமலே 'அரிப்பு' கிடைத்துவிடும். ஏற்றவற்றத்துக்குத் திருத்தம் செய். ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிடு. ஓர் ஆண்டில் மழைக்காலப் புயலுக்கு முந்திய படத்தையும் இன்னோர் ஆண்டில் புயலுக்குப் பிந்திய படத்தையும் எடுத்துக் கோடு போடாதே. துறைமுகம் கட்டுவதற்கு முந்திய ஆண்டுகளையும் பிந்திய ஆண்டுகளையும் ஒரே நேர்கோட்டில் கோத்து 'ஆண்டுக்கு இத்தனை மீட்டர்' என்று சொன்னால், அந்தச் சராசரி எந்தக் காலத்துக்கும் பொருந்தாது.

மாதிரி நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? கைவசம் உள்ள தரவில் கடைசிச் சில ஆண்டுகளை ஒதுக்கி வை. அவற்றை மாதிரிக்குக் காட்டாதே. பிறகு அந்த ஆண்டுகளை அது சரியாகச் சொல்கிறதா என்று பார். நியூசிலாந்தின் டைருவா கடற்கரையில் இப்படி ஒரு பொதுச் சோதனை நடந்தது. 19 மாதிரிகளுக்கு 1999 முதல் 2014 வரையிலான தரவைக் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்று ஆண்டுகளைக் கணிக்கச் சொன்னார்கள். தெரிந்த காலத்தில் நன்றாகப் பொருந்தியவை தெரியாத காலத்தில் தடுமாறின. இயந்திரக் கற்றல் வகையில் சிலவற்றுக்குச் சரிவு இன்னும் அதிகம். பல மாதிரிகளைச் சேர்த்து எடுத்த விடை தனித்தனி மாதிரிகளைவிட மேலாக இருந்தது. 2020இல் வெளியான அந்தக் கட்டுரையை நேர்காணலுக்கு முன் படித்துவிடு.

கடல் மட்ட உயர்வு பற்றியும் கேட்பார்கள். 1962இல் புரூன் தந்த விதியைப் பலரும் எடுத்து நீட்டுவார்கள்: கடல் ஏறும் அளவின் 50 முதல் 100 மடங்கு கரை பின்வாங்கும் என்பது அதன் நடைமுறைச் சுருக்கம். கரையோரமாக மணல் வந்து போவதை அந்த விதி கணக்கில் கொள்வதில்லை. நம் கரையின் கதையே அந்த வரவும் போக்கும்தான். எனவே அதை மட்டும் வைத்து எந்த ஊரின் எதிர்காலத்தையும் எழுதிவிடாதே.

இத்தனை கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உன் வரைபடம் ஆய்விதழோடு நிற்காது. துறைமுகத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் ஏறும். எங்கே சுவர் எழுப்புவது, எங்கே கைவிடுவது என்று முடிவெடுப்பவர் மேசைக்குப் போகும். உன் மாதிரியின் வட எல்லையை எங்கே நிறுத்துகிறாயோ, அதற்கு அப்பால் நடக்கும் அரிப்பு அறிக்கையில் வராது. மாநில எல்லையிலோ நிதி தந்தவரின் எல்லையிலோ கணக்கை முடிக்காதே. மணல் நகர்வு எதுவரை பாதிக்கப்படுகிறதோ அதுவரை கொண்டு போ. கரைவலை இழுக்கவும் படகு ஏற்றவும் மீன் காயவைக்கவும் இடம் இழந்தவர்கள் அந்த எல்லைக்கு அப்பால் வாழ்பவர்கள்தான். அவர்களிடம் போய், தென்காற்றான சோழகத்தில் எவ்வளவு கரை சேரும், வடகாற்றான வாடையில் எவ்வளவு போகும், எந்த ஆண்டு முதல் அது மாறியது என்று கேள். அந்தப் பதில்களை உன் படங்களோடு ஒப்பிட்டுப் பார். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் நல்ல ஆராய்ச்சிக் கேள்வி கிடைக்கும்.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெட் அல்லது கேட் தேர்ச்சி இருந்தால் எழுதத் தவறாதே. 2023 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. தெரிந்த மென்பொருள்களை அடுக்குவதைவிட, ஒரு கரையை எடுத்து அதன் மணல் வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி இணை. நேர்காணலில் நீயும் கேள்: அலைத் தரவு அளந்ததா, கணித்ததா? களத்தில் கரையை அளக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? முடிவு யாருக்குப் பிடிக்காவிட்டாலும் வெளியிடலாமா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லும் இடத்தில் தயங்காமல் சேர்.

இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருப்பதாகத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீடு சொல்கிறது. அத்தனை நீளத்துக்கும் மணலின் கணக்கை நேர்மையாக எழுத ஆட்கள் போதவில்லை. நீ வா. நன்றாகக் கற்றுக்கொண்டு வா. உன் மாதிரி சொல்லும் விடையை, அதனால் பாதிக்கப்படும் ஊரில் நின்று அவர்கள் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று ஒவ்வொரு முறையும் உன்னையே கேட்டுக்கொண்டு வேலை செய்.

அன்புடன்,
உன் மாமா