நெட்டை நாற்று ஏன் வருகிறது?

ஒரே மூட்டை விதையை ஒரே நாளில் விதைத்த நாற்றங்காலில், சில நாற்றுகள் மட்டும் வெளிறிய மஞ்சள் நிறத்தில், மெலிந்து, மற்றவற்றைவிட உயரமாக நிற்பதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பார்கள். வேறு ரகம் கலந்துவிட்டது என்றோ, நாற்று செழித்து வளர்கிறது என்றோ எண்ணி அவற்றையும் சேர்த்து நட்டுவிடுவதுண்டு. நட்டபின் அவற்றில் பல காய்ந்து மடியும். பிழைப்பவற்றின் கதிர் பதராகும்.

இது விதை மூலம் பரவும் பூசண நோய். ஜப்பானியர் இதைப் 'பக்கானே', அதாவது முட்டாள் நாற்று என்பார்கள். இப்பூசணம் வெளியிடும் ஒரு பொருளே நாற்றை நீளச் செய்கிறது என்பதை 1926-இல் குரோசாவா என்ற விஞ்ஞானி காட்டினார். 1935-இல் அப்பொருளுக்கு ஜிப்ரெல்லின் என்று பெயரிடப்பட்டது. பயிரும் தன் வளர்ச்சிக்காக இதைச் சிறிதளவு தயாரித்துக்கொள்கிறது.

செய்தியும் புரதமும்

பயிரின் ஒவ்வொரு செல்லிலும் மரபணுக்கள் உள்ளன. ஒரு மரபணு வேலை செய்யும்போது, முதலில் அதன் நகலாகத் தூது ஆர்.என்.ஏ. உண்டாகிறது. இதுதான் செய்தி. செய்தியின்படி புரதம் தயாராகிறது. வேலையைச் செய்வது புரதமே.

செய்தி நிறைய இருந்தால் புரதமும் நிறைய இருக்கும் என்று தோன்றும். எப்போதும் அப்படி இருப்பதில்லை. குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பது, கொட்டியதை மட்டும் பொறுத்ததல்ல. எலி தின்றதையும் பொறுத்தது. அதுபோலவே செல்லிலும் புரதம் உண்டாகும் வேகம், அழியும் வேகம் இரண்டும் சேர்ந்தே அதன் இருப்பைத் தீர்மானிக்கின்றன.

நெல்லின் கடிவாளம்

நெற்பயிரில் எஸ்.எல்.ஆர்.1 என்ற புரதம் உள்ளது. பயிர் அளவுக்கு மீறி நீளாமல் கடிவாளம்போல் பிடித்து வைப்பது இதுவே. ஜிப்ரெல்லின் வந்ததும் செல் இப்புரதத்தை அடையாளமிட்டு அழித்துவிடுகிறது. செய்தி வந்துகொண்டுதான் இருக்கும். புரதம் மட்டும் தங்காது. ஆகவே ஆர்.என்.ஏ.வை மட்டும் அளந்தால் நாற்று ஏன் நீண்டது என்பது விளங்காது.

இதற்கு நல்ல சான்று ஜப்பானில் 2003-இல் கிடைத்தது. இப்புரதத்தை அழிக்கும் அமைப்பில் பழுதுள்ள நெற்செடிகளில் ஜிப்ரெல்லின் மிகுதியாக இருந்தும், எஸ்.எல்.ஆர்.1 குவிந்து கிடந்தது. செடிகள் குட்டையாகவே நின்றன.

குட்டை ரகமும் தப்பாது

1966-இல் வெளியான ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்களில் ஜிப்ரெல்லின் தயாரிக்கும் ஒரு மரபணு பழுதுபட்டது. அதனால் ஜிப்ரெல்லின் குறைவு. கடிவாளப் புரதம் நிலைத்து, பயிர் சாயாமல் நிற்கிறது. ஆனால் பூசணம் வெளியிலிருந்து ஜிப்ரெல்லினைக் கொடுத்தால் கடிவாளம் அறுந்துவிடும். குட்டை ரகமும் நெட்டையாகும். ஆகவே குறை ரகத்தில் இல்லை. விதையோடு வந்த பூசணத்தைத் தடுப்பதே வழி.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* நோய் கண்ட வயலிலிருந்து விதை எடுக்கக் கூடாது.

* முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பு கரைத்த நீரில் விதையை இட்டு, மிதக்கும் பதரையும் சொத்தை விதையையும் நீக்க வேண்டும். பிறகு நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும்.

* கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டசிம் மருந்தை 1 லிட்டர் நீரில் கலந்து, 2 மணி நேரம் விதையை ஊறவைத்து, வடித்து முளைகட்ட வேண்டும். மருந்திட்ட விதையை உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது.

* நெட்டை நாற்றுகளை வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும். நடவுக்குச் சேர்க்கக் கூடாது.

* மஞ்சளாக இருக்கிறதே என்று யூரியா இடக் கூடாது. தழைச்சத்து மிகுந்தால் நோய் கூடும்.

நாற்றின் உயரம் மட்டுமே செழிப்பின் அடையாளம் ஆகாது. விதைக்கும் முன் செலவிடும் இரண்டு மணி நேரம் நட்ட வயலைக் காக்கும்.