ஹைஸ்கூல் முடிந்து கம்யூனிட்டி காலேஜுக்கு: கலிஃபோர்னியாவில் பிள்ளை வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் தொடக்கத்தில் ஹைஸ்கூல் முடிகிறது. கம்யூனிட்டி காலேஜ் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் திறக்கிறது. இடைப்பட்ட அந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் பிள்ளைக்கு யாருமே பொறுப்பாளர் இல்லை. பள்ளிக் கவுன்சிலரின் வேலை முடிந்துவிட்டது. கல்லூரிக் கவுன்சிலருக்கு உங்கள் பிள்ளை யாரென்றே தெரியாது. கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினர் இந்தக் கோடையில்தான் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்கள். அமெரிக்கக் கல்வித் துறையில் இதற்கு 'சம்மர் மெல்ட்' என்றே பெயர். பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் இருவரும் இதே தலைப்பில் 2014-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள்.

கம்யூனிட்டி காலேஜ் போகும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து சற்று அதிகம். முன்பணம் கட்டவில்லை, விடுதி அறை இல்லை, அறைத்தோழர் யாரும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. போகாவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தக் கோடையைப் பற்றியது. கலிஃபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு.

முதலில் கூச்சத்தை இறக்கிவையுங்கள்

பொங்கல் விழாவிலோ பிறந்தநாள் விருந்திலோ "பையன் எந்த யூனிவர்சிட்டி?" என்று யாராவது கேட்டால், நம்மில் பலருக்குக் கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளை அந்தத் தயக்கத்தைக் கவனிக்கிறது. நான் பார்த்தவரை, படிப்பைப் பாதியில் விடுவதற்கான விதை பல வீடுகளில் அங்கேதான் விழுகிறது.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குப் புரியவைக்க வேண்டுமானால், பாலிடெக்னிக் முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்வதைச் சொல்லலாம். இங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு சேர்கிறார்கள். கையில் வாங்கும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் உள்ளன. மாநிலவாசிகளுக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் இது மாறவில்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறும் டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர் வருகிறது. சில்லறைக் கட்டணங்களும் புத்தகங்களும் தனி. யூசி எனப்படும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் ஒரே ஆண்டின் கல்விக் கட்டணம் இதைப்போலப் பல மடங்கு.

குபர்டினோவில் உள்ள டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் உள்ள ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறையில் நடப்பவை. அங்கே செப்டம்பர் பிற்பகுதியில்தான் வகுப்பு தொடங்கும். யூனிட் கணக்கும் வேறு, 60-க்குப் பதில் 90. ஃப்ரீமாண்டின் ஒலோனி, சாண்டா கிளாராவின் மிஷன் போன்ற பெரும்பாலான கல்லூரிகளில் செமஸ்டர் முறை. இரண்டு கல்லூரிகளில் மாறி மாறிப் படிக்க நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் வைக்க வேண்டும்.

படி 1: விண்ணப்பம்

பன்னிரண்டாம் வகுப்பின் வசந்த காலத்திலேயே 'சிசிசி அப்ளை' தளத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, இடம் மறுப்பதும் கிடையாது. பிள்ளையின் பள்ளி மின்னஞ்சலை மட்டும் கொடுக்காதீர்கள். ஹைஸ்கூல் முடிந்ததும் பல பள்ளி மாவட்டங்கள் அந்தக் கணக்கை மூடிவிடும். கல்லூரி அனுப்புவதெல்லாம் அதோடு போய்விடும்.

உதவித்தொகையைச் சுருட்டுவதற்காகப் போலி மாணவர்களின் பெயரில் விண்ணப்பங்கள் குவிவது இந்தக் கல்லூரிகளுக்குச் சில ஆண்டுகளாகப் பெரிய தலைவலி. அதனால் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கடிதம் வரலாம். பதில் போடாவிட்டால் உண்மையான விண்ணப்பமும் அங்கேயே நின்றுவிடும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். வாரம் இரண்டு நாள், குறித்த நேரத்தில், கல்லூரி மின்னஞ்சலைத் திறக்கும் பழக்கத்தை இந்தக் கோடையிலேயே ஏற்படுத்துங்கள்.

படி 2: குடியிருப்பும் விசாவும்

கிரீன் கார்டு, குடியுரிமை உள்ள வீடுகள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் படிக்கத் தடை இல்லை. குடும்பம் ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவில் வசித்து, இங்கேயே வாழும் நோக்கத்துக்கு வரித்தாக்கல், ஓட்டுநர் உரிமம் போன்ற சான்றுகளைக் காட்டினால் மாநிலவாசிக் கட்டணமும் கிடைக்கும். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியதால் வெளிமாநிலக் கட்டணம் விழுவது அடிக்கடி நடப்பதுதான். அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் ஆவணங்களைக் கொடுத்து மறுபரிசீலனை கேளுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. 21 வயது நிறைந்ததும் எச்-4 தகுதி முடிந்துவிடும். பதினெட்டில் சேரும் பிள்ளை, சரியாகப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் நேரத்தில் அந்த வயதைத் தொடுகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் மாநிலவாசிக் கட்டணம் கைவிட்டுப் போகலாம். அப்போது கடைசி இரண்டு ஆண்டுச் செலவு முழுக் கணக்கையும் புரட்டிப் போட்டுவிடும். எனவே குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பதை இருபது வயதுவரை தள்ளிப்போடாதீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள்.

படி 3: உதவித்தொகை

குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மத்திய அரசின் உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவம் நிரப்ப வேண்டும். "எங்கள் வருமானத்துக்கு ஒன்றும் வராது" என்று ஒதுக்குகிற ஐடி குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பெல் கிராண்ட் வராமல் போகலாம்தான். ஆனால் முதன்முறையாகக் கல்லூரி சேர்ந்து, குறைந்தது 12 யூனிட் எடுக்கும் மாணவர்களுக்கு, முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் 'காலேஜ் பிராமிஸ்' திட்டம் பல கல்லூரிகளில் இருக்கிறது. சில இடங்களில் வருமான வரம்பும் பார்ப்பதில்லை. அதற்கு ஃபாஃப்சா நிரப்பியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஃபாஃப்சா நிரப்ப மாணவருக்கு ஒரு கணக்கும், படிவத்தில் சேரும் பெற்றோருக்குத் தனிக் கணக்கும் வேண்டும். மாநில அரசின் கால் கிராண்டுக்குப் பொதுவான கடைசி நாள் மார்ச் 2. அதைத் தவறவிட்ட கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குச் செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது.

படி 4: ஓரியன்டேஷன், பிளேஸ்மென்ட், படிப்புத் திட்டம்

இந்த மூன்றையும் முடித்த புதிய மாணவர்களுக்குத்தான் பாடப் பதிவில் முன்னுரிமைத் தேதி கிடைக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்கள்.

எந்த நிலைப் பாடத்தில் சேர்வது என்னும் பிளேஸ்மென்ட் குறித்துப் பழைய கதைகள் இன்னும் உலவுகின்றன. முன்பெல்லாம் ஒரு கணினித் தேர்வு எழுதவைத்து, ஹைஸ்கூல் கணக்கையே மறுபடி படிக்க அனுப்புவார்கள். ஒன்றிரண்டு ஆண்டு அதிலேயே கரைந்து, சலித்துப்போய் வெளியேறியவர்கள் மிகப் பலர். 2017-இல் நிறைவேறிய ஏபி 705 சட்டம் அதை மாற்றியது. இப்போது ஹைஸ்கூல் மதிப்பெண்களை வைத்தே, டிரான்ஸ்ஃபருக்குக் கணக்கில் சேரும் ஆங்கிலம், கணிதப் பாடங்களில் நேராகச் சேர்க்கிறார்கள். கூடவே துணை வகுப்பு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்வது நல்லது.

ஹைஸ்கூலின் இறுதி மதிப்பெண் பட்டியல், அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் (ஏபி) தேர்வு மதிப்பெண்கள், ஹைஸ்கூலில் இருந்தபடியே டூயல் என்ரோல்மென்ட்டில் படித்த கல்லூரிப் பாடங்களின் பட்டியல் ஆகியவை தாமாகப் போய்ச் சேராது; தனித்தனியாகக் கேட்டு அனுப்ப வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஆர்வத்தில் ஒரு கல்லூரிப் பாடம் எடுத்து அதில் 'எஃப்' வாங்கியிருந்தால், அதுவும் நிரந்தரமாகக் கல்லூரிக் கணக்கில் நிற்கிறது. கவுன்சிலரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி படித்துச் சரிசெய்ய வழி இருக்கிறது.

கவுன்சிலரைப் பார்க்க ஜூலையில் இடம் கிடைக்கும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் கதவுக்கு வெளியே வரிசைதான் கிடைக்கும். ஹைஸ்கூலில் சிறப்பு உதவிக்கான ஐஇபி அல்லது 504 திட்டத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தத் திட்டம் பள்ளியோடு முடிகிறது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கல்லூரியின் டிஎஸ்பிஎஸ் அலுவலகத்தில் மாணவரே போய்ப் பதிய வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் ஈஓபிஎஸ் அலுவலகத்தைக் கட்டாயம் தேட வேண்டும். 1969 முதல் நடக்கும் திட்டம் அது. தனிக் கவுன்சிலர், புத்தக உதவி, பதிவில் முன்னுரிமை எல்லாம் உண்டு.

படி 5: பாடப் பதிவு

முழுநேர மாணவர் என்றால் 12 யூனிட். உதவித்தொகைக்கு அது போதும். இரண்டு ஆண்டில் முடிக்கப் போதாது. நான்கு செமஸ்டருக்கு 12 வீதம் 48 தான் வருகிறது. 60-க்கு இன்னும் 12 குறை. செமஸ்டருக்கு 15 எடுக்க வேண்டும், அல்லது கோடையில் ஈடுகட்ட வேண்டும். இந்தச் சின்னக் கணக்கை யாரும் சொல்லாததால் மூன்றாம் ஆண்டுக்குள் இழுபடும் பிள்ளைகள் நிறைய.

அதற்காக முதல் செமஸ்டரிலேயே 18 யூனிட் ஏற்றாதீர்கள். ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேர உழைப்பு என்பது கணக்கு: ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வீட்டில். 12 யூனிட்டே வாரம் 36 மணி நேரம் ஆகிவிடுகிறது. கடையில் பகுதிநேர வேலையும் பார்க்கும் பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் 12 அல்லது 13 சரியான அளவு.

ஆங்கிலம் ஒன்று, கணிதம் ஒன்று, பிடித்த பாடம் ஒன்று, மீதி பொதுப்பாடம். பொறியியல், கணினி அறிவியல் போகிறவர்கள் கால்குலஸ் தொடரைத் தள்ளிப்போடவே கூடாது. அதன் மேல்தான் இயற்பியல் முதல் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கிறது. முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்தையும் ஆன்லைனில் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படுக்கையறையிலேயே கல்லூரி முடிந்துவிட்டால் நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள். நண்பர்கள் கிடைக்காத பிள்ளை இரண்டாம் செமஸ்டருக்கு வருவது கடினம்.

இடம் நிரம்பிய வகுப்பா? வெயிட்லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாளே போய் உட்காரச் சொல்லுங்கள். பதிந்துவிட்டு முதல் நாள் வராதவர்களைப் பேராசிரியர் நீக்கலாம். அந்த இடம் வந்து உட்கார்ந்தவருக்கு வகுப்பில் சேர்வதற்கான ஆட் கோடாகக் கிடைக்கும்.

படி 6: முதல் சில வாரங்கள்

சிலபஸ் என்பது கல்லூரியில் ஏறக்குறைய ஒப்பந்தம். தேர்வு நாள், வீட்டுப்பாடக் கெடு எல்லாம் அதில் இருக்கும். யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஆஃபீஸ் அவர்ஸுக்குப் போய்ப் பேராசிரியரிடம் ஒரு சந்தேகமாவது கேட்பது முதல் மாதத்துக்குள் நடக்க வேண்டும். வீட்டில் "வாத்தியாரை எதிர்த்துக் கேள்வி கேட்காதே" என்று வளர்த்திருப்போம். இங்கே கேட்காத பிள்ளை நஷ்டப்படுகிறது.

பாடம் ஒத்துவரவில்லை என்றால், தொடக்க வாரங்களில் வரும் டிராப் தேதிக்குள் விட்டுவிட்டால் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் பட்டியலில் 'டபிள்யூ' விழும். சராசரியைப் பாதிக்காது, ஆனால் குவிந்தால் அழகல்ல. ஒன்றும் செய்யாமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்தினால் 'எஃப்'. மூன்றில் மோசமானது அதுதான், பிள்ளைகள் அதிகம் செய்வதும் அதுதான்.

படி 7: பெற்றோர் நிற்க வேண்டிய இடம்

ஹைஸ்கூலில் ஒரு வகுப்பைத் தவறவிட்டால் உங்கள் ஃபோனுக்குச் செய்தி வந்துவிடும். கல்லூரியில் ஒன்றும் வராது. ஃபெர்பா என்னும் 1974-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகளுக்கான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. வயது பதினெட்டு ஆகாவிட்டாலும் அப்படித்தான். "கட்டணம் கட்டுவது நான்தானே" என்று அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை.

பிள்ளையின் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே பாடம் பதியாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்; பொத்தானை அவர்கள் அழுத்தட்டும். கவுன்சிலருக்கு அவர்களே எழுதட்டும், பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை. செமஸ்டரில் இரண்டு மூன்று முறை, சண்டையில்லாத ஒரு நேரத்தில், மதிப்பெண்களைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் அமைதியாக மேசை போட்டு ஓர் இடம், கல்லூரிக்குப் போய்வர வண்டியோ பஸ் பாஸோ, விருந்தாளிகள் முன் கிண்டல் இல்லாமை ஆகிய மூன்றும் உங்கள் பொறுப்பு.

படி 8: டிரான்ஸ்ஃபரை முதல் நாளே தொடங்குங்கள்

'அசிஸ்ட்' என்ற அரசுத் தளத்தில், உங்கள் கல்லூரியில் எடுக்கும் எந்தப் பாடம் எந்த யூசி, கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்று பார்க்கலாம். அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதைவிட இதை நம்புங்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் இதில் இல்லை. 2025 இலையுதிர் பருவம் முதல் யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் 'கால்-கெட்சி' என்ற ஒரே பொதுப்பாடப் பட்டியல் வந்துவிட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்களின் அறிவுரை பழையதாக இருக்கலாம்.

கால் ஸ்டேட் போக விரும்புவோருக்கு, 2010-இல் வந்த சட்டத்தால் ஏற்பட்ட ஏடிடி என்னும் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் நேர்வழி. அதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. கேட்ட வளாகமே கிடைக்கும் என்பது உறுதியல்ல.

யூசியில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆறும் 'டாக்' என்னும் சேர்க்கை உறுதி தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ தருவதில்லை. ஆனாலும் அங்கே இடையில் சேர்பவர்களில் பெரும்பாலோர் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருபவர்கள்தான். கணினி அறிவியல், பொறியியல் போன்ற நெருக்கடியான பாடங்களுக்குப் பல வளாகங்களில் 'டாக்' கிடையாது. வளாகவாரியான பட்டியலை முதல் செமஸ்டரிலேயே பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் 30 செமஸ்டர் யூனிட்டாவது முடித்திருக்க வேண்டும் என்பதால், முதல் ஆண்டு வீணானால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு 'டாக்' படிவம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். அதைப் போட்ட பிறகும் வழக்கமான யூசி விண்ணப்பத்தை நவம்பர் இறுதிக்குள் தனியாக அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் 'டாக்' செல்லாது.