மருந்துக்கு ஒரு நாள், மனசுக்குப் பல மாதம்

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் உணர்வுநிலையை மாற்றும் இரண்டு சைக்கடெலிக் மருந்துகளை எழுதிக்கொடுக்கலாம். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு சைலோசைபின், பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநோய்க்கு எம்.டி.எம்.ஏ. சிட்னியிலும் மெல்பர்னிலும் தமிழ் வீடுகளுக்கு இந்த இரண்டு நோயும் புதிதல்ல. போரைக் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் விடியாதவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவருக்காகவும், அவருக்குத் துணை நிற்கப்போகும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். சைலோசைபின் உள்ள காளானை வீட்டிலேயே சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதில் வழி இல்லை. அது சட்டவிரோதம் என்பதோடு, நிலைமை கைமீறினால் தாங்கிப் பிடிக்க அங்கே ஆள் இருக்காது.

முதலில் எதிர்பார்ப்பை அளவாக்கிக்கொள்ளுங்கள். 233 பேரைக் கொண்டு நடந்து 2022ல் வெளியான ஆய்வில், 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்றாவது வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டாவது வாரம் வரை அது நிலைத்தது 20 சதவீதம் பேருக்குத்தான். எம்.டி.எம்.ஏ.வை மருந்தாக ஏற்க அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 ஆகஸ்டில் மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வு கேட்டது. ஆக, இந்தச் சிகிச்சை கடைசிக் கதவும் இல்லை, எல்லாருக்கும் திறக்கும் கதவும் இல்லை.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள்

முதல் சந்திப்புகளில் உங்கள் உடல், மருந்துகள், குடும்ப வரலாறு எல்லாம் கேட்பார்கள். நம் வீடுகளில் சறுக்குவது இங்கேதான். 'சித்தப்பாவுக்குப் பேய் பிடித்தது, கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள்' என்று ஊரில் சொன்ன கதை, உண்மையில் தீவிர மனநோயாக இருந்திருக்கலாம். ஒருவருக்கோ அவருடைய நெருங்கிய இரத்த உறவுக்கோ மனப்பிறழ்வு, இருதுருவ நோய் இருந்தால் இந்த மருந்துகள் ஆபத்தாகலாம். மானம் போகும் என்று அந்தக் கதையை விழுங்கிவிடாதீர்கள்.

லித்தியம் எடுப்பவர் சைலோசைபின் எடுத்தால் வலிப்பு வரக்கூடும். இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் இரண்டு மருந்திலுமே ஏறும் என்பதால் இதயக் கோளாறு உள்ளவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும். வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளில் பல இந்த மருந்துகளின் வேகத்தை மழுக்கிவிடும். அவற்றைக் குறைப்பதா, எப்படி என்பதை மருத்துவர்தான் வாரக்கணக்கில் திட்டமிட வேண்டும். நீங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ஊரிலிருந்து பார்சலில் வந்த சித்த மருந்து, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

பணத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். அரசின் பி.பி.எஸ் மருந்து மானியம் இல்லாததால் மொத்தச் செலவு பல்லாயிரம் டாலருக்குப் போகும். மருந்து கொடுக்கும் நாளுக்குப் பிந்தைய பேச்சு அமர்வுகளும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். கையில் இருப்பதையெல்லாம் மருந்து நாளுக்கே கொட்டிவிட்டு, பிறகு பேச ஆளில்லாமல் நிற்பதைவிடத் தொடங்காமல் இருப்பது மேல்.

ஆயத்த அமர்வுகள்

எம்.டி.எம்.ஏ ஆய்வுகளில் மருந்துக்கு முன்பே தலா 90 நிமிடமாக மூன்று அமர்வுகள் வைத்தார்கள். அதில் பாதி உங்களைப் பற்றியது. மறுபாதி, மருந்து நாளில் அருகில் உட்காரப்போகும் இரு சிகிச்சையாளர்களை நீங்கள் எடைபோடுவதற்கு. அவர்கள்முன் அழ முடியுமா? கோபப்பட முடியுமா? கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகச் சொல்லக் கூச்சமில்லாமல் இருக்குமா? இல்லையென்றால் ஆளை மாற்றச் சொல்லுங்கள். அதைச் சொல்வது மரியாதைக்குறைவு இல்லை.

தொடுதலைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். கனடாவில் நடந்த ஒரு எம்.டி.எம்.ஏ ஆய்வில் சிகிச்சையாளர்களே எல்லை மீறியது காணொளியாகப் பதிவாகியிருக்கிறது. கையைப் பிடிக்கலாமா, தோளைத் தொடலாமா, எதுவும் வேண்டாமா என்பதை முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள். மருந்தின் நடுவில் நீங்களே 'கட்டிப்பிடியுங்கள்' என்று கேட்டாலும், முன்பு ஒப்புக்கொண்டதைத் தாண்டக் கூடாது என்பது விதியாக இருக்கட்டும். அமர்வு பதிவாகுமா, அது யாரிடம் இருக்கும் என்பதையும் கேளுங்கள்.

இனி மொழி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இருபது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவருக்கும் உள்ளே உடையும்போது வாயில் வருவது 'அம்மா'தான். மருந்து நாளில் தமிழில் பேசுவேன், புரியாவிட்டாலும் பரவாயில்லை, உடனே ஆங்கிலத்துக்கு இழுக்காதீர்கள் என்று சொல்லிவையுங்கள். ஒரு தாளில் பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: தண்ணி, போதும், பயமா இருக்கு, கை குடுங்க, தனியா விடாதீங்க. 'நெஞ்சு அடைக்குது' என்பதை நாம் துக்கத்துக்கும் சொல்வோம், மாரடைப்புக்கும் சொல்வோம். அந்தக் குழப்பத்தை முன்பே விளக்கிவிட்டு, நிஜமான வலி என்றால் எந்தச் சொல், எந்தச் சைகை என்று பேசிவையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை 131 450ல் கேட்கலாம். சமூகத்தில் தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்ற தயக்கம் நியாயமானது. தொலைபேசி வழியாக, வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவர் கிடைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் பிள்ளையை உட்காரவைத்து அம்மாவின் கதையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அந்தச் சுமை பிள்ளைமேல் ஏறிவிடும். அம்மாவும் பாதியைச் சொல்லமாட்டார்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். முள்ளிவாய்க்கால் நினைவு வரும் மே 18, வீட்டில் ஒருவரின் திவசம், கோர்ட் தேதி, விசா நேர்காணல் இவற்றை ஒட்டி வைக்காதீர்கள்.

அந்த நாள்

காலையில் லேசான சாப்பாடு, தளர்ந்த உடை. ஒரு போர்வையோ அப்பாவின் படமோ கொண்டுபோகலாம். சைலோசைபின் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் பிடிக்கத் தொடங்கும். முழுதும் இறங்க ஆறு மணி நேரம் ஆகும். எம்.டி.எம்.ஏ அமர்வு எட்டு மணி நேரம் வரை போகும். கண்ணை மூடும் பட்டை, காதில் இசை. அந்த இசைப்பட்டியலை ஆயத்த நாட்களிலேயே கேட்டுவிடுங்கள். பாட்டின் சொல் புரிந்தால் மனம் சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அதனால் வாத்திய இசை நல்லது. ஆனால் நாதசுரம் ஒருவருக்குக் கல்யாணம், பறை இன்னொருவருக்குச் சாவு வீடு. எது உங்களை எங்கே கொண்டுபோகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பயம் வரலாம். செத்துப்போகிறேன் என்று தோன்றலாம். அதை எதிர்த்து மல்லுக்கட்டினால் இறுக்கம் கூடும். மூச்சை மெல்ல விட்டு, வருவதைப் பார்த்தபடி, அருகில் இருப்பவரிடம் அதைச் சொல்லுங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். நடந்ததாக நடிக்க வேண்டியதில்லை.

வீடு திரும்பக் காரோட்டக் கூடாது. அழைத்துப்போக வருபவர் 'என்ன பார்த்தே?' என்று துருவாதவராக இருக்கட்டும். அன்று இரவு விருந்தாளி வேண்டாம், ஊருக்கு வீடியோ கால் வேண்டாம். ரசம் சாதம், தூக்கம், பக்கத்து அறையில் ஓர் ஆள். அது போதும்.

பிறகுதான் வேலை

மறுநாள் காலையிலேயே முதல் அமர்வு வையுங்கள். அதற்கு முன் பத்து நிமிடம், தமிழிலேயே, குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். கோர்வையாக வராது, வரவும் வேண்டாம். 'கிணத்தடி. ஈரத் துணி வாசம். அக்கா திரும்பிப் பார்க்கலை.' இப்படித் துண்டுகளாக இருந்தால் போதும். இதற்கு அர்த்தம் சொல்லும் அவசரம் உங்களுக்கும் வேண்டாம், சிகிச்சையாளருக்கும் வேண்டாம். கண்டதெல்லாம் நடந்தது என்றும் நம்பிவிடாதீர்கள். மருந்தின்போது புதிதாக எழும் நினைவு உண்மையாகவும் இருக்கலாம், மனம் கோத்ததாகவும் இருக்கலாம். அதை வைத்து உறவினர் ஒருவர்மேல் பழி சொல்லும் முன் பல அமர்வுகள் பேச வேண்டும்.

எம்.டி.எம்.ஏ எடுத்த பின் சில நாட்கள் மனம் தாழ்ந்து கிடப்பது உண்டு. சைலோசைபினுக்குப் பின் தலைவலி வரலாம். முதல் வாரம் லேசாக இருந்த மனம் மூன்றாம் வாரம் மறுபடி கனத்தால் தோற்றுவிட்டதாக எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள். அமர்வுகளை விடாமல் போக வேண்டிய கட்டம் அதுதான்.

ஒரு மாதத்துக்குப் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். வேலையை விடுவது, பிரிவது, ஊர்க் காணியை விற்பது எல்லாம் காத்திருக்கும். பதிலாக ஒரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுங்கள். பத்து வருடம் பேசாத அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல், அடுத்த அமர்வுக்கு எடுத்துப்போங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். வீட்டில் யாராவது 'மருந்து வேலை செஞ்சுதா?' என்று கேட்டால் 'இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்' என்று சொல்லலாம், அதுதான் உண்மையும்கூட.

இரண்டு மூன்று நாள் தூக்கமே வராமல் மனம் அசாதாரணமாகப் பறந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ மருத்துவரை உடனே அழையுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 13 11 14ல் லைஃப்லைனை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 000. இந்த எண்களை மருந்து நாளுக்கு முன்பே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, வீட்டில் எல்லாரிடமும் எதற்கு என்று சொல்லிவையுங்கள்.